சாவி ஏன் வர மறுக்கிறது?

காரை நிறுத்தியாயிற்று, இன்ஜினையும் அணைத்தாயிற்று. இறங்கப் போகும்போது சாவி வரவில்லை. பெரும்பாலானோர் உடனே செய்வது இன்னும் பலமாக இழுப்பது. அதற்கும் மசியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவது. அதுவும் பலிக்காவிட்டால் டிக்கியிலிருந்து பிளையரை எடுப்பது. சாவி முறிந்து பாதி உள்ளேயும் பாதி கையிலுமாக நிற்பது பிளையர் வெளியே வந்த பிறகுதான். அதுவரை சில நிமிடங்களில் தீர்ந்திருக்கக்கூடிய சங்கதி, அதன்பின் பட்டறையில் ஒரு நாள் வேலையாகிவிடுகிறது.

இத்தனைக்கும், இப்படி மாட்டிக்கொள்ளும் சாவிகள் பலவற்றில் பூட்டுக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. கியரோ, ஸ்டீயரிங்கோ, பேட்டரியோ தன் வேலையை முடிக்காமல் நிற்கிறது. அது முடியும்வரை சாவியை விடக் கூடாது என்றுதான் அந்தக் காரையே கட்டியிருக்கிறார்கள். எது முடியாமல் நிற்கிறது என்று கண்டுகொண்டால், பெரும்பாலும் கருவி எதுவும் தேவைப்படாது.

சாவி நுழையும் அந்தச் சின்னத் துளைக்குப் பின்னால் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடக்கின்றன. சரியான சாவிதானா என்று பூட்டு பார்க்கிறது. ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருக்கும் இரும்பு நாக்கு உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது. மின்சார சுவிட்ச் ஒன்று இன்ஜினுக்கும் ரேடியோவுக்கும் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. ஆட்டோமேடிக் கியர் கொண்ட காராக இருந்தால், கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அங்கேயே சரிபார்க்கப்படுகிறது. சாவி வரவில்லை என்றால், இந்த நால்வரில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நான்கும் ஒரே நாளில் அங்கே வந்து சேரவில்லை. 1912 மாடல் காடிலாக் காரில்தான் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் முதன்முதலில் இடம்பிடித்தது. அதற்கு முன் காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் இன்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் வந்த பிறகும் நெடுநாள் சாவி ஒரு பக்கம், ஸ்டார்ட்டர் பொத்தான் இன்னொரு பக்கம் என்றே இருந்தன. சாவியைத் திருப்பினாலே வண்டி கிளம்பும் ஏற்பாட்டை 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. ஆனாலும் சாவித் துளை டாஷ்போர்டில்தான் இருந்தது. திருடன் அதற்குப் பின்னால் கையை விட்டு இரண்டு ஒயர்களை இணைத்தால் போதும், வண்டி அவனுடையது.

இதைத் தடுக்கத்தான் ஸ்டீயரிங் பூட்டு வந்தது. மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்திலேயே அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் சாவித் துளையை டாஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றி, சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கும் கியரும் பூட்டிக்கொள்ளும்படி செய்தது. 1970 ஜனவரி 1 முதல் அங்கே திருட்டுத் தடுப்பு விதியும் நடைமுறைக்கு வந்தது. ஒயரை இணைத்து இன்ஜினை ஓடவிட்டாலும், ஸ்டீயரிங் திரும்பாத காரை எந்தத் திருடனும் தெருமுனை தாண்டி ஓட்டிப் போக முடியாது.

பூட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. சாவி ஏன் ஒரே ஒரு நிலையில் மட்டும் வெளியே வருகிறது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. வீட்டுக் கதவுப் பூட்டுகளில் வழக்கமாக ஊசிகள் இருக்கும். கார்ப் பூட்டில் அவற்றின் இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது அந்தத் தகடுகள் உள் உருளையிலிருந்து நீட்டிக்கொண்டு வெளிக்கூட்டில் உள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். அதனால் உருளை திரும்பாது. சாவியை நுழைத்ததும் அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு நகர்த்துகின்றன. எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்போடு மட்டமாக நின்றால்தான் உருளை சுழலும்.

சுழன்ற பிறகு அந்தத் தகடுகளுக்கு நகர இடம் கிடையாது. வெளிக்கூட்டின் வழுவழுப்பான சுவர் அவற்றைச் சுற்றிலும் அடைத்துக்கொள்கிறது. சாவியை வெளியே இழுக்க வேண்டுமானால் அதன் மேடுகள் ஒவ்வொரு தகட்டையும் ஏற்றி இறக்கிக்கொண்டுதான் வர முடியும். ஏறி இறங்குவதற்கான பள்ளம் இருப்பதோ ‘லாக்’ நிலையில் மட்டும். ஆகவே உருளை ‘லாக்’ நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை என்றால், யார் எவ்வளவு பலமாக இழுத்தாலும் சாவி வராது. மீறி இழுத்தால் தகடு வளையும், அல்லது சாவி முறியும்.

எனவே கையைக் காட்டுவதற்கு முன் கண்ணைக் காட்ட வேண்டும். சாவி எந்த எழுத்துக்கு நேராக நிற்கிறது? துளையைச் சுற்றி ‘லாக்’, ‘ஏசிசி’, ‘ஆன்’, ‘ஸ்டார்ட்’ என்று பொறித்திருப்பார்கள். ‘ஏசிசி’யில் நின்றுகொண்டு ‘லாக்’குக்கு வர மறுக்கிறது என்றால் தடுப்பது பெரும்பாலும் கியர், அல்லது சாவியை உள்ளே அழுத்த வேண்டிய ஏற்பாடு. ‘லாக்’குக்கு வந்துவிட்டது, ஆனாலும் வெளியே வரவில்லை என்றால் குறை சாவியிலோ தகடுகளிலோ இருக்கிறது. காரில் ஏறி உட்கார்ந்ததும் சாவி ‘லாக்’கிலிருந்து அசையவே இல்லை என்றால் ஸ்டீயரிங் பூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கான பதிலைச் சொன்னாலே, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் மெக்கானிக் பாதி வழி வந்துவிடுவார்.

முதலில் உள்ளே அழுத்தும் ஏற்பாடு. நம் ஊர்ச் சாலைகளில் நிறைந்திருக்கும் மேனுவல் கியர் கார்களில் இதுதான் புதியவர்களைத் திணறடிக்கிறது. மாருதி சுசுகியின் மேனுவல் கார்கள் பலவற்றில் ‘ஏசிசி’யிலிருந்து ‘லாக்’குக்குத் திருப்பும்போது சாவியை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். டொயோட்டாவின் பழைய மாடல்கள் பலவற்றிலும் இதே முறைதான். ஓடிக்கொண்டிருக்கும் காரில் கை தவறி சாவி ‘லாக்’ வரை போய் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு அழுத்தம் எதற்கென்று விளங்கும். தெரிந்தவரின் காரை இரவல் வாங்கி ஓட்டுபவர், பழைய கார் வாங்கியவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர் ஆகியோர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இழுப்பதற்குப் பதிலாக உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது. சில பழைய மேனுவல் கார்களில் சாவித் துளைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பொத்தானோ சிறு நெம்புகோலோ இருக்கும். அதை அழுத்தியபடி திருப்பினால்தான் சாவி வரும்.

ஸ்வீடன் நாட்டு சாப் கார்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. அவற்றில் சாவித் துளை ஸ்டீயரிங் அருகே இருக்காது. முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, கியருக்குப் பக்கத்தில் இருக்கும். விபத்தின்போது டிரைவரின் முழங்காலைச் சாவிக்கொத்து கிழித்துவிடக் கூடாது என்ற அக்கறை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மேனுவல் சாப் காரில் ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவியை எடுக்க முடியும். இது தெரியாதவர் அந்தக் காரில் எவ்வளவு நேரம் போராடினாலும் பயனில்லை.

அடுத்தது ஸ்டீயரிங். காரை நிறுத்தும்போது சக்கரம் நடைபாதை விளிம்பிலோ சுவரிலோ முட்டிக்கொண்டு திரும்பிய நிலையில் இருந்தால், அந்த முறுக்கு முழுவதும் ஸ்டீயரிங் தண்டின் வழியாக இரும்பு நாக்கின் மேல் விழுகிறது. நாக்கு தன் குழியில் இறுகிப்போய்ப் பின்வாங்க முடியாமல் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் கல்லைத் திருப்புவது போலிருக்கும். இதற்கு மருந்து எளிது. ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்ட வேண்டும். எந்தப் பக்கம் சற்று இளகுகிறதோ அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியை மென்மையாகத் திருப்ப வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், சாவி திரும்பிவிடும். பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்கள் பலவற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் ஸ்டீயரிங் பூட்டு உண்டு. அங்கேயும் ஸ்டீயரிங்கை ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துவதுதான் வழி.

ஆட்டோமேடிக் கார்களின் கதை வேறு. அதில் ஒரு சோகமும் கலந்திருக்கிறது.

ஆட்டோமேடிக் காரில் கியர் ‘பி’ என்ற பார்க்கிங் நிலையில் இருந்தால்தான் சாவியை எடுக்க முடியும். பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’யிலிருந்து கியரை நகர்த்தவும் முடியும். இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பரவலாக்கியது ஒரு பெரும் சர்ச்சை. 1986 நவம்பரில் அமெரிக்காவின் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்ந்து விபத்து ஏற்படுத்துவதாக ஒளிபரப்பியது. ஆடி நிறுவனம் அந்தக் கார்களைத் திரும்ப வரவழைத்து, பிரேக்கை மிதித்தால் மட்டுமே கியர் நகரும்படியான பூட்டைப் பொருத்தியது. 1989-இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. அதற்குள் அமெரிக்காவில் ஆடியின் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. 1985-இல் சுமார் 74,000 ஆக இருந்தது 1991-இல் சுமார் 12,000 ஆனது. நிறுவனத்துக்கு ஏற்பட்ட அடி ஒருபுறம் இருக்க, அந்தக் கியர் பூட்டு உலகெங்கும் நிலைத்துவிட்டது.

‘பி’யில் இல்லாவிட்டால் சாவியைத் தரக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1992 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் இருந்தது குழந்தைகளைப் பற்றிய கவலை. பெற்றோர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிய காரில், பின்னால் இருந்த குழந்தை முன்னால் வந்து கியரை நகர்த்த, வண்டி சரிவில் உருண்டு போகும் விபத்துகள் நடந்துகொண்டிருந்தன. பிரேக்கை மிதிக்காமல் ‘பி’யிலிருந்து கியர் நகரக் கூடாது என்பதையும் 2010 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். ஆகவே ஆட்டோமேடிக் கார் சாவியைத் தர மறுக்கும்போது, அது ‘நான் இன்னும் உருளக்கூடிய நிலையில் இருக்கிறேன்’ என்று சொல்கிறது. அதை மீறி வெளியே எடுத்துவிடுவதில் ஆபத்து இருக்கிறது.

இந்தப் பூட்டு தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2012 டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஒடிசி, பைலட், அக்யூரா எம்.டி.எக்ஸ் வகைகளில் சுமார் 8 லட்சம் பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த தடுப்பு தேய்ந்து, ‘பி’க்கு மாற்றாமலே சாவி வெளியே வர வாய்ப்பிருந்ததுதான் காரணம். சாவி மாட்டிக்கொண்டால் எரிச்சல்தான் மிஞ்சும். மாட்ட வேண்டிய நேரத்தில் மாட்டாமல் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியது இது. பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘என்’ என்ற நியூட்ரல் நிலைக்குக் கொண்டுபோய், மீண்டும் ‘பி’க்கு அழுத்தமாக முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ‘பி’யில் இருப்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்ச் அதை உணராமல் இருக்கலாம். கியரை ‘பி’யிலேயே வைத்து முன்னும் பக்கவாட்டிலும் லேசாக ஆட்டியபடி சாவியைத் திருப்பினால் பல நேரம் சரியாகிவிடும். அப்படிச் சரியானால் அது தற்காலிகம்தான். கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது சுவிட்ச் தேய்ந்திருக்கிறது என்ற செய்தி அதில் இருக்கிறது. கியர் பக்கத்தில் சிந்திய டீயும் குளிர்பானமும் சர்க்கரைப் பிசினாகக் காய்ந்து, அந்தச் சுவிட்சையே ஒட்ட வைத்துவிடுவதும் உண்டு.

சரிவில் நிறுத்தும்போது இன்னொரு கவனம் தேவை. கைப்பிரேக்கைப் போடாமல் நேராக ‘பி’க்குப் போய் காலை எடுத்தால், வண்டியின் முழு எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பற்கொக்கியின் மேல் சாய்கிறது. கியர் இறுகிப்போகும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி ‘என்’, பிறகு கைப்பிரேக், பிறகு காலை மெல்ல எடுத்து வண்டி அமர்ந்த பின், மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’ என்று போனால் கொக்கிக்குச் சுமை ஏறாது. நம் நாட்டில் பரவலாக ஓடும் ஏ.எம்.டி. வகைக் கார்களில் பெரும்பாலும் ‘பி’ நிலையே கிடையாது. அவற்றில் எந்தக் கியரில் நிறுத்தி எப்படிச் சாவியை எடுப்பது என்பதை வண்டியோடு தரும் கையேட்டில் ஒரு முறையாவது படித்துவிட வேண்டும்.

பேட்டரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘பி’யில் இருக்கிறதா என்று பார்த்துச் சாவியை விடுவிக்கும் வேலையைப் பல ஆட்டோமேடிக் கார்களில் சோலினாய்டு என்ற மின்காந்தம் செய்கிறது. பேட்டரி செத்துப்போனால் அதற்கு உயிர் இருக்காது; சாவி உள்ளேயே நின்றுவிடும். முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறதா, ஹாரன் ஈனமாக ஒலிக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு மின்சாரம் கொடுத்ததும் சாவி தானாக விடுபடுவதைப் பார்க்கலாம். கியர் ‘பி’யிலிருந்து நகரவே மறுத்தால் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸோ பிரேக் சுவிட்சோ போயிருக்கும்.

இந்த மின்சார ஏற்பாட்டையும், அதற்கு நேர்மாறான பேராபத்தையும் ஒருசேரக் கொண்டிருந்த ஒரு கார் உண்டு: ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே கோபால்ட். ‘பி’யில் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய சுவிட்ச் தவறியதால் சாவி மாட்டிக்கொள்கிறது என்ற புகாரை அதன் ஆட்டோமேடிக் வகைகளின் உரிமையாளர்கள் பலர் சொன்னார்கள். பேட்டரி தீர்ந்த நேரத்தில் சாவியை விடுவிக்க, ஸ்டீயரிங் தண்டின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை வைக்கப்பட்டிருந்தது. பேனா முனை போன்ற ஒன்றை விட்டு உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் சாவி வரும். இதே போன்ற அவசர வழி வேறு சில கார்களிலும் உண்டு. இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதைக் கையேடு சொல்லும்.

அதே கோபால்ட்டில் இன்னொரு பாகம் மிக எளிதாக அசைந்தது. சாவி ‘ஆன்’ நிலையில் நிற்பதற்கு, சுவிட்சுக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு முனை குழியில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அழுத்தம் போதவில்லை. சாவிக்கொத்தின் கனமோ, முழங்கால் இடித்ததோ, சாலையின் குலுக்கலோ போதும், ஓடும் காரில் சாவி ‘ஏசிசி’க்கு நழுவிவிடும். இன்ஜின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதும்போது ஏர்பேக்கும் விரியாது. ஜார்ஜியா மாநிலத்தில் 2010 மார்ச்சில், தன் 29-ஆவது பிறந்தநாளன்று, புரூக் மெல்டன் என்ற செவிலியர் கோபால்ட் ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். அவருடைய பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் தரப்பில் ஆராய்ந்த பொறியாளர் மார்க் ஹூட், கடையில் புதிய மாற்று சுவிட்ச் ஒன்றை வாங்கி, விபத்துக் காரிலிருந்த சுவிட்சோடு ஒப்பிட்டார். வெளியே இரண்டுக்கும் ஒரே பாக எண். உள்ளே, புதியதில் அந்த முனை நீளமாக இருந்தது. எண்ணை மாற்றாமலேயே பாகத்தைத் திருத்தியிருந்தார்கள் என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த சுவிட்சுக்காக சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்க அரசுடன் 90 கோடி டாலர் செலுத்தும் உடன்பாட்டுக்கு நிறுவனம் வந்தது. சுவிட்சை மாற்றும்வரை, கொத்தில் மற்ற எதையும் சேர்க்காமல் கார்ச் சாவியை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். அந்த அறிவுரை எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, அலுவலகச் சாவி, பித்தளைச் சாமி படம் என்று கால் கிலோ எடையைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு குலுக்கலும் உள்ளே இருக்கும் தகடுகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இனி உண்மையாகவே பூட்டிலும் சாவியிலும் இருக்கும் குறைகள். சாவி ‘லாக்’குக்கு வந்தும் வெளியேற மறுத்தால், உள்ளே ஏதோ ஒரு தகடு தூசியாலோ துருவாலோ சிக்கியிருக்கிறது, அல்லது சாவி வளைந்தோ தேய்ந்தோ போயிருக்கிறது. இழுக்காமல், முதலில் சாவியை முழுதாக உள்ளே தள்ளி, மேலும் கீழும் மிக லேசாக அசைத்தபடி வெளியே கொண்டுவர வேண்டும். வந்ததும் அதை மேஜை மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். சுத்தியலால் தட்டி நேராக்கிய சாவி சில நாள் ஓடும். பிறகு வளைந்த இடத்திலேயே முறியும். அதை மாற்றிவிடுவதே நல்லது.

எண்ணெய் விடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஜின் ஆயில், தேங்காயெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததைச் சாவித் துளையில் விடுகிறார்கள். அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு வரும். சில வாரங்களில் அந்த எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாகி, தகடுகளை முன்னைவிட மோசமாக ஒட்டவைக்கும். பலரும் நம்பியிருக்கும் டபிள்யூ.டி.-40 திரவம் 1953-இல் சான் டியேகோவில் உருவானது. உலோகத்திலிருந்து நீரை விரட்டித் துருவைத் தடுப்பதுதான் அதன் மூல நோக்கம். நனைந்த பூட்டைக் காப்பாற்றவும் அழுக்கைக் கரைக்கவும் அது உதவும். நெடுநாள் மசகாக அதை நம்பியிருக்க முடியாது. பூட்டுக்கு ஏற்றது கிராஃபைட் தூள் அல்லது உலர்ந்து படியும் டெஃப்லான் ஸ்பிரே. துளையில் சிறிதளவு விட்டு, சாவியைப் பல முறை நுழைத்து எடுத்தால் போதும். கிராஃபைட் கிடைக்காத இடத்தில் பென்சில் முனையைச் சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்து நுழைப்பது பழைய வழி. பென்சிலின் கரி கிராஃபைட்தான் என்பதால் அது பலிக்கிறது. ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் மட்டும் கிராஃபைட் போடக் கூடாது. இரண்டும் கலந்து குழம்பாகிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி ரகம். 2015 டிசம்பரில் சென்னையில் நீரில் நின்ற கார்களைப் போல, இருக்கைக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியில் சேறு பூட்டுக்குள்ளும் போயிருக்கும். அந்த நிலையில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதே தவறு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதுதான் முறை.

தேய்ந்த சாவிக்கு வருவோம். பத்து ஆண்டு ஓடிய சாவியின் மேடுகள் மழுங்கியிருக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தேய்மானமே ஒரு தகட்டை மட்டத்துக்குக் கொண்டுவராமல் தடுக்கப் போதும். பெரும்பாலானோர் அந்தத் தேய்ந்த சாவியையே கொண்டுபோய் டூப்ளிகேட் போடச் சொல்கிறார்கள். இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறது. புதுச் சாவி பளபளவென்று இருக்கும், ஆனால் பழையதைவிட மோசமாகச் சிக்கும். முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் பீரோவுக்குள் தூங்கும் இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பார்ப்பது. அது சுலபமாகத் திரும்பினால் பூட்டில் குறையில்லை, சாவியைத்தான் மாற்ற வேண்டும் என்பது உறுதி. மாற்றும்போது சாவி எண்ணைக் கொண்டு, தொழிற்சாலை அளவில் புதிதாக வெட்டச் சொல்ல வேண்டும். அந்த எண் வண்டி வாங்கியபோது சாவியோடு வந்த சின்ன உலோகத் தகட்டில் இருக்கும்.

1990-களின் நடுவிலிருந்து வந்த கார்கள் பலவற்றில் சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்பைப் படித்தால்தான் இன்ஜின் கிளம்பும். எனவே தெருமுனைக் கடையில் உலோகத்தை மட்டும் வெட்டிய சாவி கதவைத் திறக்கும், பூட்டைத் திருப்பும், வண்டி கிளம்பாது. சிப்பையும் வண்டியோடு பதிவுசெய்யும் கருவி உள்ளவரிடம்தான் போக வேண்டும். சாவி முறிந்துவிட்டாலும் தலைப்பகுதியைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துவது நல்லது. அதில்தான் அந்தச் சிப் இருக்கிறது.

உள்ளே முறிந்து நிற்கும் துண்டை ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பசை தகடுகளுக்குள் வழிந்தால் பூட்டு முழுவதும் வீண். சாவிக்காரர்களிடம் முனையில் கொக்கி வைத்த மெல்லிய கம்பி இருக்கிறது. உருளை ‘லாக்’ நிலையில் இருந்தால் சாவியின் பற்களில் அதை மாட்டி, சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள்.

பூட்டே தேய்ந்துவிட்டது என்று முடிவானால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. நம் ஊரில் இக்னிஷன், கதவுகள், டிக்கி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி இருக்கும்படி ‘லாக் செட்’ என்று முழுத் தொகுப்பாகவே விற்கிறார்கள். இக்னிஷன் உருளையை மட்டும் மாற்றினால் செலவு குறையும், ஆனால் கதவுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என்று இரண்டு சாவி தூக்க வேண்டியிருக்கும். திறமையான சாவிக்காரர் கிடைத்தால், பழைய உருளையைப் பிரித்துத் தேய்ந்த தகடுகளை மட்டும் மாற்றி அதே சாவிக்குப் பொருத்தித் தருவார். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஸ்டீயரிங் தண்டைச் சுற்றிப் பிரிக்கும் இடத்துக்கு மிக அருகில் ஏர்பேக் இருக்கிறது. அதன் மின்சுற்றில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அனுபவமில்லாத கை அங்கே போகக் கூடாது.

சாவி எத்தனை முறை ஆட்டியும் வரவில்லை, உடனே போயாக வேண்டும் என்ற நிலை வந்தால், வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் மோசமான தேர்வு. ‘ஏசிசி’யில் நிற்கும் சாவி பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவியோடு நிற்கும் கார் திருடனுக்கும் அழைப்பு, உள்ளே ஏறும் குழந்தைக்கும் ஆபத்து. கைப்பிரேக்கைப் போட்டு, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, இரண்டாவது சாவி இருந்தால் கதவைப் பூட்டிவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே சரி.

அதற்கு இரண்டாவது சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, இன்னும் வேலை செய்கிறதா என்று இன்றே போட்டுப் பாருங்கள். சாவி எண் பொறித்த உலோகத் தகட்டைத் தேடி எடுத்து, அந்த எண்ணை ஆர்.சி. புத்தக நகலோடு வீட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தகட்டை மட்டும் காருக்குள் வைக்காதீர்கள். அது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் காருக்குச் சாவி வெட்டிவிடலாம்.